முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தையின் வளர்ச்சியைப் பேணுவது எப்படி?

ஒரு குழந்தை எவ்வளவு உயரம் வளரக்கூடும் என்பதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்த அளவை அது எட்டுமா என்பது உணவு, உறக்கம், நோயின்மை, வீட்டுச் சூழல் ஆகியவற்றையும் பொறுத்தது. எனவே மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ 5 மாதத்தில் இரு மடங்காகவும் ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆவது இயல்பு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், அட்டையிலுள்ள கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் நின்றுவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு குழைத்த சோற்றுடன் பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைபாடு உடலை மட்டுமன்றிக் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது பேச்சைத்தான். சமையலுக்கு எடுத்த வெண்டைக்காய் ஒன்றைக் கழுவிக் குழந்தையின் கையில் கொடுத்து, “இது வெண்டைக்காய், சொரசொரன்னு இருக்கா கண்ணு?” என்று கேளுங்கள், அது “ஆ” என்று ஒலி எழுப்பும்வரை பொறுத்திருந்து, அந்த ஒலிக்கும் மறுமொழி சொல்லுங்கள். இப்படி மாறி மாறிப் பேசுவதில்தான் மொழி வேர்விடுகிறது. கைப்பேசித் திரை இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

9 மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தைக்கு, “போகப்போகச் சரியாகிவிடும்” என்று காத்திராமல், உடனே செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.