சாலையோரச் சோதனையில் எழுதியது வேலை தேடும்போது எதிரே வந்து நிற்கும்: அமெரிக்க டிரக் டிரைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு ஒரு டிக்கெட்கூட (அபராதச் சீட்டு) இல்லையே அண்ணா, அப்புறம் ஏன் ஒருத்தரும் திரும்பக் கூப்பிட மாட்டேங்கிறாங்க?" நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். சிடிஎல், அதாவது டிரக் ஓட்டும் லைசென்ஸ், எடுத்து நான்கு வருடம் ஆகிறது, விபத்து எதுவும் இல்லை. மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மூன்றிலும் முதல் நாள் நன்றாகப் பேசியவர்கள் நான்காம் நாள் போனையே எடுக்கவில்லை.

10 டாலர் கட்டி உங்கள் பிஎஸ்பி அறிக்கையை, அதாவது வேலைக்கு எடுக்கும் முன் கம்பெனிகள் பார்க்கும் டிரைவர் பதிவை, எடுங்கள் என்றேன். எடுத்து அனுப்பினார். மூன்று வருடத்தில் அதிகாரிகள் வழியில் நிறுத்திச் செய்த ஐந்து சோதனைகள், அதில் நான்கில் குறை. ஒன்றில் டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை. இன்னொன்றில் டர்ன் சிக்னல். மறுபடியும் ஒரு விளக்கு. கடைசியாக, இரண்டு பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருந்ததால் வண்டியை அங்கேயே நிறுத்தி, "அவுட் ஆஃப் சர்வீஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கமான ஐந்து ஆக்சில் வண்டியில் பத்து பிரேக் இருக்கும். அதில் இரண்டு பழுதானாலே நிறுத்திவிடுவார்கள். இந்த நான்கில் எதற்கும் அபராதம் இல்லை. அதனால் அவர் எல்லாவற்றையும் மறந்தே போயிருந்தார்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அபராதம் வேறு, பதிவு வேறு. நீதிமன்றத்தில் குற்றம் என்று முடிவானவை உங்கள் மாநில லைசென்ஸ் பதிவில், அதாவது எம்விஆரில் ஏறும். பிஎஸ்பி அப்படியில்லை. அமெரிக்க மத்திய அரசின் டிரக் பாதுகாப்புத் துறையான எஃப்எம்சிஎஸ்ஏ 2010இல் தொடங்கிய ஏற்பாடு அது. கடைசி 5 வருட விபத்துகளும் கடைசி 3 வருடச் சாலையோரச் சோதனைகளும் அதில் இருக்கும். சோதனை அறிக்கையில் அதிகாரி எழுதிய ஒவ்வொரு குறையும் அங்கே போய்ச் சேரும். "வார்னிங்தான், பயப்படாதே, போய் வா" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாலும் சரி.

அடுத்து எல்லோரும் சொல்வது, "டிரெய்லர் கம்பெனியுடையது, எனக்கு என்ன?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் சோதனை நடக்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கள். ஓட்டும் முன் வண்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டியது சட்டப்படி டிரைவரின் கடமை. யார்டில் இரவு 2 மணிக்கு டிரெய்லரை மாட்டும்போது உடம்பு அசதியாக இருக்கும், லோடு அனுப்பும் டிஸ்பாட்சர் வேறு அவசரப்படுத்துவார். அந்த நேரத்தில் ஹசார்டைப் போட்டுவிட்டு இறங்கி, கையில் டார்ச்சுடன் டிரெய்லரை ஒரு சுற்று வர வேண்டும். மார்க்கர் விளக்குகள் எல்லாம் எரிகிறதா, ஏர் லைன் இணைப்பில் "உஸ்" என்று காற்று கசிகிறதா, டயர் பக்கவாட்டில் வெட்டு இருக்கிறதா, மட்ஃபிளாப் தொங்குகிறதா என்று பார்க்க பத்து நிமிடம் போதும். அந்தத் தம்பியின் நான்கில் மூன்று இந்தப் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். குறை தெரிந்தால் எழுதிக் கொடுங்கள், போட்டோ எடுத்து மெசேஜில் அனுப்புங்கள். "அப்படியே ஓட்டிட்டு வா" என்று பதில் வந்தால், புதிய வேலை தேட வேண்டியது ஏன் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புதிய கம்பெனி இதையெல்லாம் ஏன் பார்க்கிறது என்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "என்னை எடுத்தால் என் பழைய குறைகள் அவர்கள் கம்பெனியின் பாதுகாப்பு ஸ்கோரில் ஏறிவிடும், அதனால்தான் எடுக்கவில்லை" என்பார்கள். உண்மையில் அப்படி ஏறாது. குறை நடந்தபோது எந்தக் கம்பெனியின் பெயரில் ஓடினீர்களோ அந்தக் கம்பெனியின் கணக்கில்தான் அது 24 மாதம் நிற்கும். புதிய கம்பெனி கவலைப்படுவது இனி நடக்கப்போவதை நினைத்து. இன்சூரன்ஸ்காரர் கேட்பார். நாளைக்கு ஒரு பெரிய விபத்து நடந்தால், "இவர் பதிவைப் பார்த்துமா வேலைக்கு எடுத்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்பார். ஆகவே அவர்கள் ஒரே ஒரு குறையைப் பார்த்து மிரளுவதில்லை. ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வந்தால்தான் மிரளுகிறார்கள். மூன்று முறை விளக்கு என்றால், இவர் வண்டியைப் பார்ப்பதே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். லாக்கில், அதாவது ஓட்டிய நேரக் கணக்கில், பொய் எழுதியதாக ஒரே ஒரு பதிவு இருந்தால், அது பத்து விளக்குக் குறையைவிடக் கனமானது.

டிக்கெட் கொடுத்துவிட்டார்கள் என்றால் அப்போதும் ஒரு தவறு நடக்கும். கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் லோடு போய்விடுமே என்று பலர் தபாலிலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கார் ஓட்டுபவர்கள் டிராஃபிக் ஸ்கூல் என்ற வகுப்புக்குப் போய்க் குற்றத்தைப் பதிவில் ஏறாமல் மறைப்பதுபோல சிடிஎல் உள்ளவர்களுக்கு மறைத்துக் கொடுக்க மாநிலங்களுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பை 15 மைல் அல்லது அதற்கு மேல் தாண்டுவது, டிரக் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது, முன்வண்டியை ஒட்டிப் போவது போன்றவை "கடுமையான மீறல்" வகை. மூன்று வருடத்துக்குள் இரண்டு சேர்ந்தால் 60 நாள், மூன்று சேர்ந்தால் 120 நாள் டிரக்கைத் தொட முடியாது. அதனால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வழக்கில் ஜெயித்துவிட்டீர்கள், டிக்கெட் தள்ளுபடி என்றே வைத்துக்கொள்வோம். பிஎஸ்பியில் அது தானாக நீங்காது. நீதிமன்றத் தாளை இணைத்து டேட்டாக்யூஸ் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே கோரிக்கை போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, ஜெயித்த வழக்குக்காகவும் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. வேறு டிரைவரின் சோதனை உங்கள் பெயரில் ஏறியிருந்தாலும், ஒரே சோதனை இரண்டு முறை பதிவாகியிருந்தாலும் அங்கேயே கேட்கலாம். சிக்னலில் நின்ற உங்கள் வண்டியை ஒருவர் பின்னால் வந்து இடித்தாரா? அந்த விபத்தைத் தவிர்த்திருக்க முடியாது என்று குறிக்கச் சொல்லியும் அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே சாயங்காலம் பல்பு மாற்றிய ரசீதை அனுப்பி "சரி செய்துவிட்டேன், எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் நடக்காது. சோதனை நேரத்தில் எரிந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

சோதனைத் தாளை டாஷ்போர்டில் போட்டுவிட்டு மறப்பதும் வேண்டாம். அதைக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். 15 நாளுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது கம்பெனியின் வேலை. கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். "அவுட் ஆஃப் சர்வீஸ்" உத்தரவு இருக்கும்போது யார் சொன்னாலும் வண்டியை நகர்த்தாதீர்கள். முதல் தடவையே குறைந்தது 180 நாள் சிடிஎல் போய்விடும்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மறைப்பது. விண்ணப்பத்தில் கடைசி 3 வருட வேலைகள், அதற்கு முந்தைய 7 வருடத்தில் டிரக் ஓட்டிய இடங்கள், 3 வருட விபத்துகள், போக்குவரத்துக் குற்றங்கள் எல்லாம் கேட்பார்கள். ஆறு வாரம் மட்டும் இருந்த கம்பெனி, சண்டை போட்டு விட்டு வந்த கம்பெனி என்று சிலர் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். பிஎஸ்பியில் ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் அப்போது ஓட்டிய கம்பெனியின் பெயர் இருக்கிறது. விட்டுப்போன பெயர் அங்கே வந்து நின்றால், விளக்குக் குறைக்காக நிராகரிக்காதவர்கள்கூடப் பொய்க்காக நிராகரிப்பார்கள். பழைய முதலாளி உங்களைப் பற்றித் தவறாகச் சொல்லியிருந்தால், அதைப் பார்க்கவும் திருத்தச் சொல்லவும் மறுப்பு எழுதி இணைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தத் தம்பியிடம் சொன்னது இதுதான்: அடுத்த ரெக்ரூட்டர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். எந்த மாதம், என்ன குறை, அதன்பின் என்ன மாற்றினீர்கள் என்று மூன்று வரி போதும். பழைய கம்பெனியைத் திட்டாதீர்கள். "டிரெய்லரை மாட்டியதும் விளக்கையெல்லாம் வீடியோ எடுக்கிறேன், இதோ" என்று போனைக் காட்டலாம்.

இன்னொன்றும் சொன்னேன். அதிகாரி முழுதாகச் சோதித்து ஒன்றும் கிடைக்காமல் "சரி, போ" என்றால் உடனே கிளம்பிவிடாதீர்கள். அறிக்கை எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். குறையில்லாத சோதனையும் பிஎஸ்பியில் வரும். சில அதிகாரிகள் எழுதாமலே அனுப்பிவிடுகிறார்கள், கேட்டால் எழுதித் தருபவர்களும் உண்டு.

ஐந்தாவது கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது, வாரச் சம்பளம் கொஞ்சம் குறைவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார். பென்சில்வேனியாவில் ஓர் எடை நிலையத்தில் லெவல் 1 சோதனை, அதாவது வண்டியையும் டிரைவரையும் முழுதாகப் பார்க்கும் சோதனை, நடந்த தாள். குறைகள் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.