எட்டு சேனல் இருந்தும் மைக்ரேஷன் ஊர்ந்த கதை

64 ஜிபி ரேம் உள்ள ஒரு விஎம்மை (மெய்நிகர் கணினியை) ஓடும்போதே வேறு ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதைத் தாங்கும் வேறு கணினிக்கு, மாற்ற வேண்டியிருந்தது. விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமு-வில், மெமரியைப் பல சேனல்களில் ஒரே நேரத்தில் அனுப்பும் மல்டிஎஃப்டி வசதியை இரண்டு ஹோஸ்ட்டிலும் ஆன் செய்து, சேனலை எட்டாக்கினேன். வேகம் ஏறவே இல்லை.

சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் த்ரெட் வாரியாகப் பார்த்தேன். அனுப்பும் த்ரெட்கள் எட்டும் பெரும்பாலும் சும்மா இருந்தன. நெட்வொர்க்கைத்தான் முதலில் திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பில்லை.

சிக்கல் ஒத்திசைவில். விஎம் ஓடிக்கொண்டே மெமரியை மாற்றுவதால், மாறியதை மறுபடி அனுப்பப் பல சுற்று தேவை. மெமரியின் ஒரு பக்கம் (பேஜ்) முதல் சுற்றில் ஒரு சேனலில் போகிறது. விஎம் அதில் மறுபடி எழுதிவிட்டால், அடுத்த சுற்றில் இன்னொரு சேனலில் போகலாம். புதியது முந்தி வந்து, பழையது பிந்தி வந்தால் மெமரி கெட்டுவிடும். அதனால் சுற்று மாறும்போது எல்லாச் சேனலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சுற்றுக்கு ஒரு முறை போதும்.

என் விஎம்மின் மெஷின் டைப், அதாவது கியூஎமு அதற்குக் காட்டும் வன்பொருள் மாதிரியின் பதிப்பு, 7.2. கியூஎமு 8.1-க்கு முந்தைய டைப்களில், பழைய பதிப்புகளோடு பொருந்துவதற்காக, சுற்றின் சிறு துண்டான ஒவ்வொரு செக்‌ஷன் முடிவிலும் இந்தக் காத்திருப்பு நடக்கும். ஒரு செக்‌ஷன் சுமார் 50 மில்லிசெகண்ட்தான். அதாவது நொடிக்கு இருபது தடவை எட்டுப் பேரும் கை கட்டி நிற்கிறார்கள்!

இரண்டு ஹோஸ்ட்டிலும் கியூஎமு 8.1-க்கு மேல்தான் இருந்தது. சரி என்று ராத்திரி விஎம்மை நிறுத்தி, அதன் அமைப்புகள் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் டைப்பை 8.1 ஆக்கி எழுப்பினேன். உள்ளிருந்து ரீபூட் செய்தால் டைப் மாறாது, முழுசாக அணைக்க வேண்டும். அப்புறம் மைக்ரேட் செய்தபோது எட்டு த்ரெட்டும் உழைத்தன.