பனியன் கம்பெனி ஆபீஸில் ஏஐ: எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக்கூடாது

திருப்பூரில் நாற்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று தனி ஆள் இருப்பது அபூர்வம். ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), லீவுத் தகராறு எல்லாம் கணக்குப் பார்ப்பவர் தலையில்தான் விழும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகள் அவருக்கு எழுதுவதிலும் தொகுப்பதிலும் நன்றாகக் கை கொடுக்கும். சம்பளக் கணக்கையும் ஆளைத் தேர்ந்தெடுப்பதையும் அவற்றிடம் விட்டால் காரியம் கெடும்.

முதல் வேலை, பெயர்களை எடுப்பது. ஒவ்வொருவருக்கும் தொ-01, தொ-02 என்று எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை உங்கள் கணினியில் மட்டும் வையுங்கள். ஆதார், வங்கி பாஸ்புக், மருத்துவச் சீட்டு எதையும் படமாக ஏற்ற வேண்டாம். உங்கள் உரையாடல்களை ஏஐயைப் பழக்க எடுத்துக்கொள்ளும் வசதியை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். தனிநபர் தரவுக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சின்னக் கம்பெனி என்பதால் பொறுப்பு விலகாது.

வேலை விளம்பரம் எழுதக் கேட்கும்போது விவரம் முழுதாக இருக்க வேண்டும்: “ஓவர்லாக் டெய்லர் 4 பேர், ஷிப்ட் கூலி இவ்வளவு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு, விடுதி உண்டு. ஆறு வரிக்குள், பேச்சுத் தமிழில், வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி எழுது. நான் சொல்லாத சலுகை எதையும் சேர்க்காதே.” கடைசி வரியை விட்டால் ‘சிறந்த பணிச்சூழல், போனஸ்’ என்று தானாகவே சேர்த்துவிடும், வந்து சேர்ந்தவர் அதைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஊர் வழக்கையும் விளக்கிச் சொல்லுங்கள். ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் எத்தனை மணி நேரம் என்று அதற்குத் தெரியாது. ‘சிங்கர் டெய்லர்’ (சிங்கர் மிஷினில் தைப்பவர்) என்பதை இந்திக்கு மாற்றச் சொன்னால் பாடகர் ஆக்கிவிடலாம். ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு ஒட்டும் அறிவிப்பை அந்த மொழிக்காரர் ஒருவரிடம் வாசிக்கச் சொல்லி, அவருக்கு என்ன புரிந்தது என்று கேட்ட பிறகே ஒட்டுங்கள்.

பயோடேட்டாக்களைத் தரம் பிரிக்கும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். பழைய விண்ணப்பங்களை வைத்துப் பழக்கிய அமேசானின் ஆள் தேர்வு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதும், அந்த நிறுவனம் அதைக் கைவிட்டதும் 2018இல் வெளியான செய்தி. நம் பயோடேட்டாக்களில் அதைவிடக் கூடுதலான ஆபத்து உண்டு: அப்பா பெயர், ஊர், சாதி, திருமண நிலை எல்லாம் அதில் இருக்கும். இவற்றை நீக்கிவிட்டு எந்த மிஷின், எத்தனை வருடம், எந்த வகைத் துணி என்பதை மட்டும் தட்டச்சு செய்து, ஐந்தைந்தாகக் கொடுங்கள். மதிப்பெண் கேட்காதீர்கள், “எந்தத் தகுதி இருக்கிறது, பயோடேட்டாவில் எந்த வரி அதைச் சொல்கிறது” என்று கேளுங்கள். வரி காட்ட முடியாத தகுதியை அடித்துவிடுங்கள். ‘டெய்லர் 3 வருடம்’ என்பதை ‘ஏற்றுமதி அனுபவம்’ ஆக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதே ஐந்தையும் வரிசை மாற்றி மறுபடி கொடுத்துப் பாருங்கள். முடிவு மாறினால் அதை நம்ப வேண்டாம். எப்படியும் டெய்லரின் கைத்திறனை, அவரை மிஷினில் உட்காரவைத்துத்தான் பார்க்க முடியும்.

சம்பளத்துக்கு விடையைக் கேட்காமல் எக்செல் சூத்திரத்தைக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. கூலி 14,500 என்றால் முதலாளி பங்கு 471.25, பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், அதாவது 472. ஏஐ சாதாரண ‘ரவுண்ட்’ போட்டு 471 ஆக்கிவிடும். ‘ரவுண்ட்அப்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, இ.எஸ்.ஐ.க்கு உட்படும் மாதச் சம்பளத்தின் 21,000 ரூபாய் வரம்பில் வரும். ‘21,000 தாண்டினால் பூஜ்யம்’ என்று அது எழுதும் சூத்திரம் இரண்டு விதத்தில் தப்பு. வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யை (கூடுதல் நேர வேலைக் கூலி) சேர்க்கக்கூடாது. அடுத்து, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற பங்களிப்புக் காலத்தின் நடுவே சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை கட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நிலுவை வட்டியோடு வரும், மருத்துவ வசதி கிடைப்பதிலும் தொழிலாளிக்குச் சிக்கல் வரலாம். சூத்திரம் கைக்கு வந்ததும் ஓ.டி. உள்ளவர், வரம்பைத் தாண்டியவர், மாத நடுவில் சேர்ந்தவர் என மூன்று பேர் கணக்கைக் கையால் போட்டு ஒத்துப்பாருங்கள்.

லீவு விதிகளைத் தொகுக்கவும் ஏஐ உதவும், ஆனால் ‘தமிழ்நாட்டில் எத்தனை நாள் விடுமுறை’ என்று கேட்டால் வங்கி விடுமுறைப் பட்டியலைக் கலந்துவிடலாம். தொழில் நிறுவன விடுமுறைகளுக்கான தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு 5 பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது. இந்தத் தேதிகளை நீங்களே கொடுத்து எழுதச் சொல்லுங்கள். யாரையாவது வேலையை விட்டு நிறுத்தும் கடிதம், பாலியல் புகார், விபத்து அறிக்கை ஆகிய மூன்றையும் ஏஐக்குள் போடவே வேண்டாம். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ, பாலியல் புகார் என்றால் முதலில் அதை விசாரிக்கக் கம்பெனிக்குள் அமைக்கும் உள்ளகக் குழுவிடமோ போக வேண்டியவை அவை.