தலைவலிக்கு இதமாக நீவிவிடுவது எப்படி? பிடரியிலிருந்து தொடங்குங்கள்

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் அம்மா ஓடி வந்து மூன்று காரியம் செய்வார். துண்டை மடித்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். நெற்றி முழுக்கத் தைலம் பூசுவார். பிறகு இரண்டு பொட்டிலும் கட்டைவிரலை வைத்துத் தம்கட்டி அமுக்குவார். எல்லாம் அன்பினால் செய்ததுதான். ஆனால் தைலத்தின் நெடியில் குமட்டும். அமுக்க அமுக்க வலி தெறிக்கும். வலிக்கிற இடத்துக்குப் போவதற்கு முன்பு கை பிடரிக்குப் போக வேண்டும், அதுவும் மிக மெதுவாக என்பதை நான் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. இப்போது அம்மாவின் கைகளே அதை அழகாகச் செய்கின்றன. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிடரி ஏன்? நெற்றி, கண், பொட்டு ஆகியவற்றின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று தண்டுவட நரம்புகளும் அதே நரம்பு மையத்தில்தான் வந்து சேர்கின்றன. அதனால்தான் கழுத்து இறுகினால் கண்ணுக்குப் பின்னால் வலிப்பதுபோல் இருக்கிறது. கழுத்தைத் தளர்த்தினால் நெற்றிக்கும் இதம் கிடைப்பது இதனால்தான்.

தொடங்கும் முன், எந்த வலி என்று பாருங்கள்

தலையின் இரண்டு பக்கமும் பட்டை போட்டு இறுக்கியதுபோல் வலித்தால், அது பெரும்பாலும் தசை இறுக்கத்தோடு வரும் சாதாரணத் தலைவலி. வலி இருக்கும்போதே நீவிவிடலாம். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி வேறு. விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். அது உச்சத்தில் இருக்கும்போது பலருக்குச் சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிக்கும். அந்த நேரத்தில் தலையைத் தொடவே வேண்டாம். இருட்டறையும் அமைதியும் போதும். வலி தொடங்கப்போகிறது என்று தெரிகிற முதல் அரைமணி நேரத்திலும், வலி இல்லாத நாட்களில் வாரம் ஒருமுறையும் நீவிவிடுவது பலன் தரலாம். நியூசிலாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வாரந்தோறும் மசாஜ் செய்துகொண்டவர்களுக்கு மைக்ரேன் வரும் தடவைகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது.

இவை இருந்தால் நீவுவதில் நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: இடி இறங்கியதுபோல் திடீரென வந்த கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வந்த வலி, கர்ப்பிணிக்கு வரும் புதிய கடும் தலைவலி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, பொட்டைத் தொட்டால் வலித்தால் அங்கே கை வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண்பார்வையே போகக்கூடும்.

1. தயாராவது

விளக்கை அணையுங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நான்கைந்து சொட்டு போதும். தைலம், வாசனை எண்ணெய், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். மைக்ரேன் உள்ளவர்கள் பலருக்குக் கடும் வாசனையே வலியைக் கிளப்பிவிடும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தம் எவ்வளவு? நன்றாகப் பழுத்த தக்காளியின் தோல் குழியாத அளவு. நீவுகிற நேரமெல்லாம் "இது அதிகமா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

2. தோள்பட்டை

தலைவலி உள்ளவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நில்லுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் இடையே மெல்லப் பிடித்து, மூன்று எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை.

3. பிடரி

இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். அவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தலைமாட்டில் உட்காருங்கள். இரண்டு கைகளையும் தலைக்குக் கீழே கொடுத்து, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் எலும்பு விளிம்பைத் தேடுங்கள். அதற்குச் சற்றுக் கீழே, நடுவிலுள்ள தடித்த நரம்புபோன்ற நாணுக்கு இருபுறமும் இரண்டு சிறு பள்ளங்கள் தட்டுப்படும். விரல்நுனிகளை அங்கே வளைத்து வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். நீங்கள் அமுக்க வேண்டியதே இல்லை. தலையின் பாரமே விரல்களின்மேல் மெல்ல இறங்கும். முதலில் அந்தத் தசை முறுக்கிய கயிறுபோல் இருக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கழித்து விரலுக்கடியில் அது நெகிழ்வது தெரியும். அம்மாவுக்கு முதன்முறை அது தெரிந்தபோது "விட்டுடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் கணத்தில் என் மூச்சும் நீண்டிருந்தது. அதன்பிறகு விரலை மிக மெதுவாக உங்கள் பக்கம் ஒரு நூலளவு இழுங்கள். மொத்தம் மூன்று நிமிடம்.

தனியாக இருப்பவர்கள் இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, அதே பள்ளங்களில் படும்படி வைத்துப் படுத்துக்கொள்ளலாம்.

4. பொட்டும் தாடையும்

பொட்டில் விரல் வைத்துப் பல்லை ஒருமுறை கடித்து, பிறகு தளர்த்தச் சொல்லுங்கள். விரலுக்கடியில் எழும்பும் தசைதான் நீங்கள் தேடுவது. மூன்று விரல்களை அங்கே பதித்து, தோலோடு சேர்த்துச் சிறு வட்டமாக நகர்த்துங்கள். தோலின்மேல் வழுக்கித் தேய்க்கக் கூடாது. பொட்டிலிருந்து காதுக்கு மேல்வரை போய் வாருங்கள். பிறகு கடைவாய்க்கு நேரே கன்னத்தில் இதையே செய்யுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இந்த இடம் கல்போல் இருக்கும்.

5. புருவம், தலைத்தோல்

மூக்கின் தண்டருகே புருவம் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, எலும்பின்மேலேயே வெளிப்பக்கமாக நீவுங்கள். கண்ணை அமுக்க வேண்டாம். கடைசியில் சிகைக்காய் தேய்ப்பதுபோல விரல்களைத் தலைமுடிக்குள் விட்டு, அதைவிட நான்கில் ஒரு பங்கு வேகத்தில் தலைத்தோலை அசைத்துவிடுங்கள்.

கூடவே கூடாதவை

கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டிலும் நாடி துடிக்கும் இடத்தை அமுக்கக் கூடாது. அமுக்கினால் மயக்கம் வரலாம். கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது இன்னும் ஆபத்து. முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் சடக்கென்று திருப்புவதை நம்மில் பலர் சுகமென்று கேட்டு வாங்குகிறோம். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப், அழகு நிலையத்தில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் மடக்கிவைத்ததற்குப் பிறகு பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். வெறும் மடக்கலுக்கே அப்படியென்றால் திருகுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போடுகிறீர்கள் என்றால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் நிலையாக அது இருக்கலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முடித்ததும் கையைச் சட்டென்று எடுக்காமல், சூடான உள்ளங்கையை நெற்றியில் சற்று நேரம் வைத்திருங்கள். அவர் அப்படியே தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, எழுந்ததும் குடிக்கக் கொஞ்சம் கஞ்சி வைத்துவிடுங்கள்.