கண்ணாடிக் கூரை போட்ட முற்றமா? நிழலை வெளியே போடுங்கள்

திறந்த முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட்டவர்கள் சித்திரை பிறந்ததும் செய்யும் முதல் வேலை, உள்ளே திரை கட்டுவது. கண் கூசாது, சரி. ஆனால் சூடு அவ்வளவாகக் குறையாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்கிவிடும், அந்தச் சூட்டில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதுவும் சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கூரைதான் முழு அடியையும் வாங்கும்.

அதனால் நிழலைக் கண்ணாடிக்கு மேலே போடுங்கள். நர்சரிகளில் கட்டும் பச்சை வலை போதும். 75 சதவீத வலை, அதாவது வெயிலில் முக்கால் பங்கைத் தடுக்கும் வலை, கேட்டு வாங்கலாம். கண்ணாடியோடு ஒட்டாமல் ஓர் அடி உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டினால் இடையில் காற்று ஓடும். கண்ணாடிமேல் ஏறி நிற்காதீர்கள், பக்கச் சுவரில் நின்றே கட்டுங்கள்.

அப்புறம், சூடான காற்று மேலே போய்த்தான் தேங்கும். கூரையை ஒட்டிய சுவரில் காற்றுப் போகத் துளைகள் உள்ள ஜாலியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ வையுங்கள். கீழே நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். கருப்பு ஃபிலிம் ஒட்டுவதை நான் சொல்லமாட்டேன். சில கண்ணாடிகள் அந்தச் சூட்டில் விரிசல் விடும். ஐப்பசி மழைக்கு முன் வலையைக் கழற்றிவிடலாம்.