குளிரில் ஷிங்கிள் அடிக்கும்போது செய்யக்கூடாதவை

ரொறன்ரோவில் நவம்பர் பாதி தாண்டினாலும் கூரை வேலை நிற்பதில்லை. ஒழுகுகிற வீட்டுக்காரர் ஏப்ரல் வரை வாளி வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார், இலையுதிர் காலத்தில் எடுத்த வேலைகளும் மழையில் தள்ளித் தள்ளி டிசம்பரில் வந்து நிற்கும். அதனால் குளிரில் ஷிங்கிள் (கூரையின் மேல் வரிசை வரிசையாக ஆணியடிக்கிற மெல்லிய தார்த் துண்டுகள்) அடிக்கவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அடிக்கலாம். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற பொடியன்கள் ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை, அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏணியைக் கட்டு, நல்ல சப்பாத்துப் போடு என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவர் ஏறாமல் இருப்பதே நல்லது.

ஷிங்கிள் கட்டுகளை (பண்டில்) இரவு முழுக்க வெளியே விடுவது

ஷிங்கிளில் இருப்பது தார். குளிரில் தார் விறைத்துப்போகும். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கவனமாக இருக்க வேண்டும், பூச்சியத்துக்குக் கீழே போனால் அதை பிஸ்கட்டாகவே நினைத்துத் தூக்குங்கள். சப்ளையர் முதல் நாளே கூரையில் ஏற்றிவைத்துவிட்டுப் போன பண்டில்கள் காலையில் பனி பிடித்துக் கிடக்கும். நம் ஆட்கள் அதைத் தோளிலிருந்து தொப்பென்று போடுவார்கள், இறுக்கம் விட வேண்டும் என்று முகட்டில் வைத்து ஓர் அடி அடிப்பார்கள். கோடையில் அது பழக்கம், சரி. குளிரில் அந்த ஓர் அடியிலேயே உள்ளே இருப்பதெல்லாம் மயிரிழையாக வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, இரண்டு வருடம் கழித்துத் தண்ணீருக்குத் தெரியும்.

ஹீட்டர் ஓடுகிற கராஜில் இரவு வையுங்கள். காலையில் ஒரு மணி நேர வேலைக்குப் போதுமானதை மட்டும் மேலே கொண்டுபோங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது எரிச்சலான வேலைதான்.

முகட்டுத் துண்டுகளைக் குளிரோடு மடிப்பது

முகட்டின் மேல் மடித்துப் போடுகிற ஷிங்கிள் துண்டைக் குளிரோடு மடித்தால் உடையும். லொறியின் உள்ளே, ஹீட்டர் அடிக்கிற இடத்தில் வைத்து எடுங்கள்.

நெயில் கன்னை (காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் கருவி) காலையில் ஒரு தடவை செட் பண்ணிவிட்டு மறப்பது

குளிரில் கொம்பிரஸர் முரண்டு பிடிக்கும், குழாய்க்குள் இருக்கிற ஈரம் உறையும், காற்றழுத்தம் ஏறி இறங்கும். காலையில் ஆணி முழுதாக இறங்கவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டுவார்கள். பதினொரு மணிக்கு வெயில் பட்டு ஷிங்கிள் கொஞ்சம் இளகியதும் அதே அழுத்தத்தில் ஆணித்தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். கிழித்துப்போன ஆணி எதையும் பிடிக்காது. மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற ஆணியோ அடுத்த வரிசையை ஒட்டவிடாது, பிறகு அதிலேயே துளையும் போடும். ஆணித்தலை ஷிங்கிளோடு சமமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். நீட்டி நிற்பதைச் சுத்தியலால் இறக்குங்கள். கிழித்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் புது ஆணி அடித்து, பழைய துளையில் தார்ப்பசை வையுங்கள். கடும் குளிர் நாளில் நான் கன்னை எடுப்பதே இல்லை. சுத்தியலில் அடிக்கும்போது ஆணி எப்படி இறங்குகிறது என்று கைக்குத் தெரியும்.

“வெயில் வந்தால் தானே ஒட்டிவிடும், அண்ணை”

இதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் ஏறும். வேலை தெரியாத பொடியன் சொன்னால் பரவாயில்லை, சொல்லிக்கொடுக்கலாம். ஆட்களை வைத்து வேலை செய்விக்கிற கொன்ட்ராக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

முதலில், ஷிங்கிள் எதனால் நிற்கிறது? ஆணியால் மட்டும் என்று நினைக்கிறோம். ஆணி மேல் பகுதியைத்தான் பிடிக்கிறது. கீழ் விளிம்பைப் பிடிப்பது ஷிங்கிளில் வருகிற பசைப்பட்டை. அந்தப் பட்டை சூட்டில் இளகி, கீழே இருக்கிற ஷிங்கிளோடு சேர்ந்து, ஆறி இறுகினால்தான் கூரை ஒரே தோலாக நிற்கும். அதற்கு ஷிங்கிள் ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் சூடேற வேண்டும். வெளியே 10 பாகை இருந்தாலும் நல்ல வெயிலில் கறுப்பு ஷிங்கிள் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், அதனால் ஒக்டோபரில் தெற்குப் பக்கத்தில் அடித்தவருக்குப் பிரச்சினை வராது. அந்தத் துணிச்சலில்தான் டிசம்பரிலும் ஏறுகிறார்கள்.

டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். 12 அடி போக 6 அடி ஏறுகிற சாதாரண 6/12 கூரையின் சரிவோ 26 பாகைக்கு மேல். கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் வடக்குப் பக்கக் கூரைக்கு அப்போது நடுப்பகலில்கூட நேர் வெயில் கிடையாது. சரிவு இன்னும் செங்குத்தென்றால் அந்த இருட்டு இன்னும் அதிக வாரங்கள் நீளும். எந்த வெயிலை நம்பி விட்டுவிட்டு வருகிறீர்கள்?

சரி, ஏப்ரலில் வெயில் வரும்தானே என்பார்கள். வரும். அதற்குள் நடப்பதுதான் விஷயம். ஒட்டாத ஷிங்கிளைக் காற்று தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தூசி, இலைத்தூள், ஷிங்கிளில் இருந்து உதிர்ந்த மணல், இதெல்லாம் அந்தப் பசைப்பட்டையில் போய் உட்காரும். வெயில் வருகிற நேரத்தில் அதில் பசை இருக்கும், ஆனால் அதன் மேல் ஒரு படை அழுக்கும் இருக்கும். பிறகு எவ்வளவு சூடு பட்டாலும் அழுக்கோடு ஒட்டுமே தவிர ஷிங்கிளோடு ஒட்டாது. இதற்கிடையில் விறைத்த ஷிங்கிள் ஆணிக்கோட்டில் மடிந்து மடிந்து அந்த இடத்தில் ஒரு வெடிப்புக் கோடும் விழுந்திருக்கும்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கமில் ஒரு வீடு. குளிருக்குள் வேறு யாரோ அடித்துவிட்டுப் போன கூரை, அடுத்த மாரியில் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் புல்லில் நாலைந்து ஷிங்கிள் கிடக்கிறது, வந்து அடித்துவிட்டுப் போங்கள் தம்பி, சின்ன வேலைதானே என்றார். ஏறி, வடக்குப் பக்கத்தில் ஒரு விளிம்பில் விரலை விட்டேன். தூக்கியது. பக்கத்தில் விட்டேன், அதுவும் தூக்கியது. அந்தப் பக்கம் முழுக்க ஒன்றுகூட ஒட்டவில்லை. பட்டையில் விரலை வைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத் தூள் வருகிறது, அதற்குக் கீழே பசை புதுசாகவே பளபளக்கிறது. ஒரு கோடை முழுக்க வெயில் பட்ட கூரை அது! கீழே இறங்கி வந்து நாலு ஷிங்கிள் கதை இல்லை இது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. முன்பு அடித்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வாரண்டித் தாளை எடுத்துப் பார்த்தால், குளிரில் அடித்தால் கையால் ஒட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. வெடித்தவற்றை மாற்றி, மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்து ஒட்டினோம். முதல் தடவையே ஒட்டியிருந்தால் சில டியூப் பசையும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. அந்த மனிதர் கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு.

2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைப் புரட்டிப்போட்ட புயலில் பியர்சன் விமான நிலையத்தில் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று பதிவானது. அப்படிப்பட்ட காற்று வந்தால் ஒட்டாத கூரை என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கையால் ஒட்டுங்கள். ஏஎஸ்டிஎம் டி4586 என்ற தர எண் போட்டிருக்கிற தார்ப்பசை, கோல்கிங் கன்னில் (பசையைப் பிதுக்கும் கருவி) போடுகிற டியூப். மூன்று தட்டு ஷிங்கிள் (கீழ்ப்பாதி மூன்றாக வெட்டியிருக்கும்) என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இரண்டு பொட்டு. இரட்டை அடுக்கு ஷிங்கிள் என்றால் ஒன்றுக்கு நான்கு பொட்டு, சம இடைவெளியில், கீழ் விளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் மேலே. பொட்டு ஒரு டொலர் நாணயம் அளவு. பண்டில் தாளில் வேறு எண்ணிக்கை போட்டிருந்தால் தாள் சொல்வதைக் கேளுங்கள். வரிசை வரிசையாக, அடிக்க அடிக்க ஒட்டிக்கொண்டே போங்கள். எல்லாம் அடித்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டலாம் என்று வைத்தால் விறைத்த ஷிங்கிளைத் தூக்கும்போது நீங்களே உடைப்பீர்கள். டியூப்களை லொறியின் ஹீட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள், குளிர்ந்தால் பசை வெளியே வராது, கைதான் வலிக்கும்.

இதைச் சொன்னதும் ஒருவர் ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கீழே பாணுக்கு பட்டர் பூசுகிற மாதிரி பூசிவைத்தார். அதுவும் பிழை. பசை அதிகமானால் அதிலிருக்கும் கரைப்பான் ஷிங்கிளின் தாரை இளக்கும், மேலே கொப்புளம் போடும். பொட்டு என்றால் பொட்டுதான்.

கேஸ் டோர்ச்சால் சூடாக்கி ஒட்டவைப்பது

வீட்டைக் கொளுத்துவீர்கள்.

ஷிங்கிளின் பின்பக்க பிளாஸ்டிக் நாடாவை உரிப்பது

பண்டிலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் போட்டது அது. உரிக்கத் தேவையில்லை. உரித்தால் குளிரும் பசையும் எதுவும் மாறப்போவதில்லை, உங்கள் நேரம்தான் போகும்.

ஐஸ் ஷீல்டை உறைபனி மேல் ஒட்டுவது

ஐஸ் ஷீல்ட் என்பது கூரை விளிம்பில் ஷிங்கிளுக்குக் கீழே ஒட்டுகிற, தண்ணீர் விடாத பசைத் தாள். காலையில் கூரைப் பலகையில் வெள்ளையாகப் படிந்திருக்கிற பனியைத் துடைக்காமல் ஒட்டினால் ஷீல்ட் பனியோடு ஒட்டும். பனி உருகியதும் தண்ணீரும் ஷீல்டும் தனித்தனி. பலகை காய்ந்திருக்க வேண்டும், ரோலை வெதுவெதுப்பாக எடுத்துவர வேண்டும், 5 பாகைக்குக் கீழே என்றால் பிரைமர் பூசி உருளையால் அழுத்துங்கள்.

இன்னொன்று. ஒரு ரோல் 3 அடி அகலம், அதாவது ஏறத்தாழ 914 மில்லிமீட்டர். விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர் என்பது கட்டட விதி, ஒரு வரிசை போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். விதியின் மிச்சப் பாதியை யாரும் வாசிப்பதில்லை: வெளிச்சுவரின் உட்பக்கத்திலிருந்து இன்னும் 300 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். தாழ்வாரம் 2 அடி வெளியே நீட்டியிருந்தால், சுவரின் தடிப்பையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு வரிசை அங்கே போய்ச் சேராது. ஐஸ் கட்டி விளிம்பை அடைத்துத் தண்ணீர் பின்னால் ஏறுகிறபோது அது நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

கூரையில் உப்புத் தூவுவது

ஆணியும் தகடும் துருப்பிடிக்கும். பனியைப் பிளாஸ்டிக் சவலால் தள்ளுங்கள், வெயில் ஏறும்வரை தேத்தண்ணீர் குடியுங்கள்.

“கொஞ்ச நேரம்தானே” என்று கயிறு கட்டாமல் ஏறுவது

ஒன்ராறியோவில் 3 மீட்டர் உயரத்துக்கு மேல் விழும் அபாயம் இருந்தால் பாதுகாப்புக் கட்டாயம். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி 2015இலிருந்து கட்டாயம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கோடையில் ஒரு கால் வழுக்கினால் மறுகால் பிடிக்கும். உறைபனியில் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஒரே நாளில் முழுக்கூரையையும் பிரிப்பது

கோடையில் காலையில் பழைய ஷிங்கிள் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு இரவு எட்டு மணிவரை அடிக்கலாம். டிசம்பரில் 4.40க்குச் சூரியன் போய்விடும், விரல் அதற்கு முன்னாலேயே வேலைநிறுத்தம் செய்யும், கையால் ஒட்டுகிற வேலையும் சேர்ந்தால் வேகம் பாதிதான். ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், அதை மூடிவிட்டு மற்றப் பக்கம் போங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எதையும் புதிதாகப் பிரிக்க வேண்டாம். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் திறந்த கூரையில் இரவு பனி கொட்டினால் என்ன நடக்கும் என்று அவரையே கேளுங்கள், பெரும்பாலும் அவரே தார்ப்பாய் எடுத்துத் தருவார்.