கருந்தோலுக்குள் எத்தனை நிறம்: முதல் போர்ட்ரெயிட்டை வரைவோம்

கறுப்பின மனிதரின் முகத்தை முதன்முதலாக வரையும் பலர் பிரவுன் டியூபை எடுத்து, நிழலுக்குக் கறுப்பையும் வெளிச்சத்துக்கு வெள்ளையையும் கலக்கிறார்கள். முகம் செத்துப்போகிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் தன் மனிதர்களை அடர் கறுப்பிலேயே வரைகிறவர். ஐவரி, கார்பன், மார்ஸ் என்று மூன்று வகைக் கறுப்பை எடுத்து, அவற்றில் நீலமும் பச்சையும் ஊதாவும் கலப்பார் என்று தெரிந்த பிறகுதான் நான் எங்கே தவறினேன் என்று புரிந்தது.

வாங்க வேண்டியவை: 16க்கு 20 அங்குல கேன்வாஸ், ஒரு சார்கோல் (கரி) குச்சி, இரண்டு மூன்று பிரஷ், அக்ரிலிக் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரீன் புளூ (அடர் நீலம்), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), வெள்ளை. கறுப்பு டியூப் வேண்டாம், நமக்கு வேண்டிய இருட்டை நாமே கலந்துகொள்வோம்.

முதலில் யாரை வரைவது? தெரிந்தவர் என்றால் அனுமதி கேட்டு, ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் படம் எடுங்கள். யாரும் இல்லையென்றால், 1900இல் பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் திரட்டிய புகைப்படங்கள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்கள், நல்ல உடையில், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து சார்கோலால் கோட்டுப்படம். கண்கள் தலை உயரத்தின் பாதியில் வரும். கறுப்பின முகம் என்றாலே இப்படித்தான் மூக்கு, இப்படித்தான் உதடு என்று மனதில் ஒரு அச்சு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிரே இருக்கும் இந்த ஒருவரை மட்டும் பாருங்கள். ஆளை நடுவில் வையுங்கள், பார்வை நேராக நம்மைச் சந்திக்கட்டும். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஓரத்தில் பணியாளாக நிற்பார்கள், அதனால் நடுவில் வைப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, இப்போது அம்பரையும் அல்ட்ராமரீனையும் வெள்ளையோடு கலந்து நான்கு அளவுச் சாம்பல் தயார் செய்து, எது இருட்டு, எது வெளிச்சம் என்பதை மட்டும் பூசுங்கள். அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்டு தோலுக்குச் சாம்பலையே இறுதி நிறமாக வைத்துவிடுகிறார், 2018இல் வெளியான மிஷெல் ஒபாமா படமும் அப்படித்தான். உங்களுக்கும் அது பிடித்தால் இங்கேயே நிறுத்தலாம்.

நிறத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். அடிப்படை நிறம், அம்பர் இரண்டு பங்கு, சியன்னா ஒரு பங்கு. ஆழ்ந்த நிழலுக்கு அம்பரில் அல்ட்ராமரீனைக் கூட்டிக்கொண்டே போனால் கறுப்புக்கு அருகில் வந்துவிடும், ஆனால் டியூப் கறுப்பைப் போல ஓட்டை விழுந்த மாதிரித் தெரியாது. கன்னத்திலும் காது நுனியிலும் கொஞ்சம் கிரிம்சன், வெளிச்சம் திரும்பும் இடத்தில் சியன்னாவும் ஓக்கரும். நெற்றியிலும் மூக்கின் மேலும் வரும் பளபளப்புக்கு வெறும் வெள்ளை வைத்தால் தோல் சாம்பல் பூத்துவிடும், ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இடம் லேசான நீலமாகத்தான் இருக்கும், அடிப்படை நிறத்திலேயே துளி வெள்ளையும் துளி நீலமும் போதும்.

கானாவின் ஓவியர் அமோவாகோ போவாஃபோ முகங்களை விரலாலேயே வரைகிறார், கோடுகள் தோலுக்கு மேல் நெளிந்து ஓடுவது தெரியும். கையுறை போட்டுக்கொண்டு நீங்களும் ஒரு கன்னத்தில் முயன்று பாருங்கள், பிரஷ்ஷில் வராத ஒரு அசைவு வரும்.

தலைமுடியை இழை இழையாக வரைய வேண்டாம். முடியின் முழு வடிவத்தையும் ஒரே திரளாகப் பூசி, ஓரத்தை மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் கலைத்துவிடுங்கள்.

பின்னணிக்கு ஒரே நிறம் எளிது, மஞ்சளோ வெளிர் நீலமோ. பூக்கள் வேண்டுமென்றால் அர்த்தத்தோடு தேர்ந்தெடுங்கள். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2018இல் வரைந்த பராக் ஒபாமா படத்தில் பூக்கள் அவர் வாழ்க்கையோடு இணைந்த இடங்களைச் சொல்கின்றன: ஹவாய்க்கு மல்லிகை, சிகாகோவுக்கு சாமந்தி, கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல லில்லி. உங்கள் படத்தில் இருப்பவரிடமே கேட்கலாம், அவர் ஊரில் என்ன பூக்கும் என்று.

கண்மணியின் ஒளிப்புள்ளி கடைசியில். அப்புறம் ஒரு இரவு விட்டு, காலை வெளிச்சத்தில் பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கறுத்துவிடும். முகம் குளிர்ந்து, அதாவது நீலச் சாயலாகத் தெரிந்தால் சியன்னாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து மேலே ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள்.